இணையத்தின் விலாசக் குளறுபடி

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் நின்றுபோனதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஊருக்குப் பேச முயன்றவர்கள் கைபேசியை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது போலும் என்று எண்ணியவர்களும் உண்டு. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகெங்கும் முடங்கிக் கிடந்தன. கடலடிக் கேபிள் எதுவும் அறுபடவில்லை. திருடன் எவனும் நுழையவில்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரே ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் கணினி நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்த பாதைகளைத் துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து, பெயரைச் சொன்னால் விலாசம் சொல்லும் அதன் கணினிகளும், "எங்களை அடைய இப்படி வாருங்கள்" என்று வெளியுலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பைத் தாமாகவே விலக்கிக்கொண்டன. வீடு இருந்தது, பொருள் பத்திரமாக இருந்தது, வீட்டுக்குப் போகும் வழிதான் உலகத்துக்கு மறந்துபோயிற்று.

அது, ஒரு நிறுவனம் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை. ஒருவர் செய்த தவற்றில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் அகப்பட்டுக்கொள்வது இதைவிடக் கவலைக்குரியது. முன்பெல்லாம் சம்பள நாளன்று தபாலாபீசில் வரிசையில் நின்று மணியார்டர் அனுப்பியவர்கள், இன்று அரை நிமிடத்தில் கைபேசியில் பணம் அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு, ரயில் டிக்கெட், ரேஷன், சேமநிதிக் கணக்கு எல்லாம் இந்தக் கம்பி வழியாகத்தான். ஆகவே அந்தக் கம்பியில் யார் வழிகாட்டுகிறார்கள், அவர்கள் சொல்லும் வழியை யார் சரிபார்க்கிறார்கள் என்பது பொறியாளர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமாக இனி இருக்க முடியாது.

இணையம் என்பது ஒரே பெரிய கம்பெனியின் சொத்து அல்ல. உலகில் 70,000-க்கு மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் அண்டை வீட்டாரிடம், "இன்ன எண் முதல் இன்ன எண் வரையுள்ள விலாசங்களுக்கு என் வழியாகப் போகலாம்" என்று அறிவிக்கிறது. அண்டை வீட்டார் அதைத் தமக்கு அடுத்தவரிடம் சொல்கிறார்கள். சில நிமிடங்களில் செய்தி உலகம் முழுவதும் பரவிவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989-இல் கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் கைதுடைக்கும் காகிதத்தில் இதன் முதல் வரைவை எழுதினார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அப்போது வலையமைப்புகள் கொஞ்சம். அவற்றை நடத்தியவர்கள் ஒருவரையொருவர் முகம் அறிந்தவர்கள். சொல்வதை நம்புவது என்ற வழக்கம் அப்போது போதுமானதாக இருந்தது. முகம் தெரியாத எழுபதினாயிரம் பேருக்கு நடுவிலும் அதே நம்பிக்கைதான் இன்றும் அடிப்படை.

அதன் பலன் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி தெரிந்தது. யூடியூபைத் தடுக்குமாறு பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம், யூடியூபின் விலாசங்கள் தன்னிடமே இருப்பதாக உள்நாட்டுக்குள் அறிவித்து, வருகிறவர்களை முட்டுச்சந்தில் நிறுத்தப் பார்த்தது. அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. மேலே இருந்த ஹாங்காங் நிறுவனம் ஒன்று அதைக் கேள்வி கேட்காமல் உலகத்துக்கு ஒப்புவித்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 விலாசங்கள் கொண்ட தொகுதி. பாகிஸ்தான் அறிவித்தது அதற்குள் அடங்கிய 256. குறுகிய தொகுதியையே அதிகத் துல்லியமானது என்று எடுத்துக்கொள்வது பி.ஜி.பி.யின் விதி. 'தாதர்' என்று மட்டும் எழுதிய உறையைவிடத் தெருவும் எழுதிய உறையைத் தபால் பிரிப்பவர் நம்புவதைப் போலத்தான். தெருப் பெயர் பொய்யாக இருந்தால் என்ன செய்வது? ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகமே அந்த முட்டுச்சந்தில் போய் முட்டிக்கொண்டது.

அண்டை நாட்டைச் சொல்லிச் சிரிப்பதற்கு இடமில்லை. 2015 நவம்பர் 6-ஆம் தேதி ஏர்டெல் வலையமைப்பு, பிறருக்குச் சொந்தமான ஏறத்தாழ 16,000 விலாசத் தொகுதிகளைத் தன்னுடையவை என்று பல மணி நேரம் அறிவித்தது. 2021 ஏப்ரல் 16-ஆம் தேதி வோடபோன் ஐடியாவின் வலையமைப்பு ஒன்று 30,000-க்கு மேற்பட்ட தொகுதிகளுக்கு அவ்வாறே உரிமை கொண்டாடி, உலகின் போக்குவரத்தில் ஒரு பகுதியைத் தன் வாசலுக்கு இழுத்துக்கொண்டு திணறியது. இவை திட்டமிட்ட சூழ்ச்சி என்று எவரும் சொல்லவில்லை. ரூட்டரில் எழுதும் வரிகளில் ஒன்று பிசகினாலும் போதும், இந்த அலங்கோலம் நடந்துவிடும்.

வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்க்கிற குமாஸ்தாக்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் அங்கே ஐம்பது ரூபாய்கூட வெளியே போகாது. உலகின் வழித்தடத்தையே மாற்றும் கட்டளையோ, பல வலையமைப்புகளில் ஒருவர் கையாலேயே இடப்பட்டு அடுத்த நொடியில் அமலுக்கு வந்துவிடுகிறது.

தவறு ஒரு புறம். திட்டமிட்ட திருட்டும் உண்டு. 2018 ஏப்ரல் 24-ஆம் தேதி, அமேசான் நிறுவனத்தின் பெயர்ப் பட்டியல் கணினிகளுக்குரிய விலாசங்கள் வேறொரு சிறிய அமெரிக்க வலையமைப்பிலிருந்து அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம், கிரிப்டோ நாணயக் கணக்கு வைத்திருந்தவர்கள் தங்கள் தளத்தின் பெயரைச் சரியாகத் தட்டியும் போலித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குப் பறிபோயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, "இந்தத் தளத்தின் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல" என்று திரையில் எச்சரிக்கை வந்தது என்பதுதான். அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனவர்கள்தாம் பணத்தை இழந்தார்கள். வங்கித் தளத்தில் அப்படிப்பட்ட எச்சரிக்கை வந்தால், அவசரம் எதுவானாலும் அத்துடன் நிறுத்திக்கொள்வது ஒன்றே சாதாரண மனிதன் கையில் உள்ள பாதுகாப்பு.

மற்றது வலையமைப்பு நடத்துவோர் கையில்தான் இருக்கிறது. அதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. இன்ன விலாசத் தொகுதியை அறிவிக்க இன்ன வலையமைப்புக்குத்தான் உரிமை என்று மின்னணுக் கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் ஆர்.பி.கே.ஐ. என்ற முறை சில ஆண்டுகளாகவே நடைமுறையில் இருக்கிறது. நிலத்துக்குப் பட்டா போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் விலாசங்களைப் பகிர்ந்தளிக்கும் ஐ.ஆர்.ஐ.என்.என். அமைப்பின் உறுப்பினர்களும் இந்தப் பதிவைச் செய்துகொள்ளலாம். உலகில் அறிவிக்கப்படும் பழைய முறை விலாசத் தொகுதிகளில் பாதிக்கு மேல் 2024-ஆம் ஆண்டு மே மாத வாக்கில் இவ்வாறு பதிவாகிவிட்டன.

ஆனால் பட்டா எழுதிவைத்தால் மட்டும் ஆக்கிரமிப்பு நின்றுவிடுமா? பத்திரத்தைப் பார்த்து, பொய் அறிவிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டியவர் அண்டை வீட்டார். தன் விலாசங்களுக்குக் கையெழுத்திட்டுவிட்டு, அடுத்தவர் சொல்வதைச் சோதிக்காமல் விடுகிற நிறுவனம் பாதி வேலையைத்தான் செய்கிறது. பெரிய நிறுவனங்கள் இதில் காட்டும் மெத்தனத்துக்கு அவற்றின் வாடிக்கையாளர்களைவிட ஊரார்தான் அதிகம் விலை கொடுக்கிறார்கள். பூட்டு இருந்தாலும் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜனவரி 3-ஆம் தேதி ஸ்பெயின் நாட்டு ஆரஞ்ச் நிறுவனத்தின் பதிவுக் கணக்கில் ஒருவன் புகுந்து கையெழுத்துப் பதிவுகளையே மாற்றி, சில மணி நேரம் அதன் வாடிக்கையாளர்களைத் தவிக்கவிட்டான். அந்தக் கணக்கின் கடவுச்சொல் 'ரைப்அட்மின்'. ரைப் என்பது அந்தப் பதிவகத்தின் பெயர்!

வழியின் தொல்லை இப்படியென்றால், விலாசத்தின் தொல்லை வேறு. பழைய முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி விலாசங்கள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பங்கிடப்பட்டுவிட்டன. முதலில் பந்தியில் உட்கார்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் இலை நிறைய வாங்கிக்கொண்டன. பிந்தி வந்த இந்தியா போன்ற நாடுகளுக்கு மிச்சம்தான். ஆகவே ஒரு விலாசத்தை நூற்றுக்கணக்கான கைபேசிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு பரவிற்று. தாராவியில் ஒரே கதவிலக்கத்தில் பதினைந்து பேர் குடியிருந்து, எல்லோருக்கும் அந்த இலக்கத்துக்கே கடிதம் வருவது போன்ற நிலை இது. அறைக்குள் யாருடைய கடிதம் என்பதைப் 'போர்ட்' எண் என்னும் இன்னொரு எண்ணை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அந்தப் பதினைந்து பேரில் ஒருவன் சேட்டை செய்தால், இணையத் தளம் அந்தக் கதவையே சாத்திவிடுகிறது. ஒரு பாவமும் அறியாதவர், தான் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்கப் படத்தில் உள்ள பேருந்துகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பேருந்து எண்ணுவதோடு முடிந்தால் பரவாயில்லை. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வெளியிட்டதாகக் குற்றம்சாட்டி, பெங்களூரில் வேலை பார்த்துவந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரைப் புனே போலீசார் கைது செய்து கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது நாட்கள் அவர் சிறையில் கிடந்தார். பிறகு தெரிந்தது, அந்த ஐ.பி. விலாசம் அவருடையதே அல்ல என்று. இணைப்பு வழங்கிய நிறுவனம் தவறான சந்தாதாரரின் விவரத்தைப் போலீசாரிடம் கொடுத்திருந்தது. சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் பிழைக்கும் ஒருவருக்கு, மொழி புரியாத போலீஸ் நிலையத்தில், "நான் அல்ல" என்று சொல்லி நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பகிர்ந்து கொடுக்கும் விலாசங்கள் பெருகிவிட்ட இன்று, அப்படிப்பட்ட தவறுக்கு இடம் கூடியிருக்கிறது. விலாசம் மட்டும் தெரிந்தால் ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது. போர்ட் எண்ணும், நொடி பிசகாத நேரமும் சேர்ந்து கிடைக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடினால் குற்றம் வேறொருவன் தலையில் விழும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, கடிகாரங்களை அரசின் நேரக் கணினிகளோடு ஒத்துவைக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது சரியான காரியம். உத்தரவு அமலாகிறதா என்று நேரில் போய்ச் சோதிப்பதும் அதே அளவு அவசியம். போலீசாரும், ஐ.பி. விலாசம் என்பது கைரேகை அல்ல, விசாரணையைத் தொடங்குவதற்கான ஒரு துப்பு மட்டுமே என்பதை நிலைய மட்டத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சியின்போதே சொல்லித்தர வேண்டும்.

இதற்கு நிரந்தரப் பரிகாரம் ஐ.பி.வி.6 என்னும் புதிய விலாச முறை. அதில் விலாசங்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்த விஷயத்தில் இந்தியாவைக் குறை சொல்ல முடியாது. முன்னணி நாடுகளில் ஒன்றாக நிற்கிறது, கைபேசி நிறுவனங்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. பழைய முறையை மட்டுமே அறிந்த தளங்களும் அலுவலகங்களும் இருக்கும் வரை பங்கீட்டு விலாசத்தின் தொல்லை தீராது.

பொய்யான அனுப்புநர் விலாசம் இன்னொரு பழைய நோய். பிறர் பெயரை அனுப்புநராகப் போட்டு வெள்ளம்போல் தகவல்களை ஏவி ஒரு தளத்தை மூழ்கடிப்பது சுலபமாயிருக்கிறது. தன் வாடிக்கையாளருக்கு உரியதல்லாத அனுப்புநர் விலாசத்தோடு வரும் எதையும் வெளியே விடக்கூடாது என்ற விதி 2000-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. வீட்டிலும் கடையிலும் மாட்டிய கேமராக்களும் ரூட்டர்களும், கம்பெனி வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்ததால், 2016-இல் 'மிராய்' என்ற தீநிரலுக்கு அடிமைகளாகிப் பெரிய தளங்களைச் சாய்த்தன. கேமரா மாட்ட வருகிறவரிடம், போகுமுன் கடவுச்சொல்லை மாற்றித் தருமாறு கேட்டு வாங்குவதில் யாருக்கும் வெட்கம் வேண்டாம்.

வெர்சோவா கரையிலும் சென்னைக் கரையிலும் ஏறும் கடலடிக் கேபிள்கள் வழியாகத்தான் நாட்டின் வெளியுலகப் போக்குவரத்தில் பெரும்பகுதி நடக்கிறது. அந்த வாசல்களில் உட்கார்ந்திருக்கும் பெரிய நிறுவனங்கள் சிலவே. அவை ஒழுங்காகச் சோதித்தால் கீழே உள்ள ஆயிரம் சிறிய நிறுவனங்களின் பிசகு அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். இதைச் செலவு என்று அவை தட்டிக்கழிக்க இடம் தரலாகாது. பொய் அறிவிப்புகளைத் திருப்பி அனுப்புவதையும், பொய் அனுப்புநர் விலாசத்தைத் தடுப்பதையும் தொலைத்தொடர்புத் துறை கண்டிப்பாக வலியுறுத்த வேண்டும். எந்த நிறுவனம் செய்கிறது, எது செய்யவில்லை என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வழித்தடக் கோளாறு நேர்ந்தால், எத்தனை மணிக்கு, யாருடைய தவற்றால், எவ்வளவு நேரம் என்று சந்தாதாரர்களுக்கு மறுநாளே அறிவிக்கும் கடமையையும் நிறுவனங்கள் மீது சுமத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஒரு நாள் குறித்து அறிவிப்பதில் துறைக்கு என்ன தடை என்பதை அமைச்சர்தான் சொல்ல வேண்டும்.