டி.வி. வாங்கும் முன் ஹாலை அளந்தீர்களா?

2025 தீபாவளிக்கு என் மகன் ஒரு டி.வி. வாங்கினான். 65 அங்குலம்! வண்டியில் வந்து இறங்கியதும் தெருவே எட்டிப் பார்த்தது. மாடிப்படி திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் கீழே, இரண்டு பேர் மேலே என்று தேர் இழுத்த மாதிரிதான் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. "அப்பா, இனிமே தியேட்டருக்கே போக வேணாம்" என்றான். பேரனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கிறான். கேம் விளையாட அவனுக்கு ஒரு சாதனமும் கூடவே வந்திருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். எனக்குக் கழுத்தில் தைலம். என் மனைவிக்கு சாயங்காலமானால் தலைவலி. பேரன் சோபாவை விட்டு இறங்கித் தரையில், திரைக்கு நாலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பந்தடித்துக்கொண்டிருந்தான். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல டி.வி.தான். ஆனால் எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. வாங்கப் போனபோது ஒருவரும் அதை அளந்து பார்க்கவில்லை. விலையைக் கேட்டோம், அங்குலத்தைக் கேட்டோம், இனாமாக என்ன தருவீர்கள் என்று கேட்டோம். அவ்வளவுதான்!

இப்போது நிறைய வீடுகளில் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. டவுன்ஹால் ரோட்டுக்கோ பைபாஸ் ரோட்டுக்கோ 43 வாங்கப் போனவர்கள், "கொஞ்சம்தானே கூட" என்று 55, 65 எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமும் அப்படியே. 2006-ல் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த கலர் டி.வி. 14 அங்குலம். அதன் முன்னால் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்தது. இன்று அதே சுவரில் அதைப் போல நாலு மடங்கு அங்குலம்! சுவர் மட்டும் பின்னால் தள்ளிப் போகவில்லையே?

கணக்கு ரொம்ப சுலபம். திரையின் அங்குலத்தை ஏழரையால் வகுங்கள். வருவது எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும் என்பது. 43 அங்குலத்துக்கு ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. 55-க்கு ஏழேகால் அடி. 65-க்கு எட்டே முக்கால். 75 என்றால் பத்தடி. திரை நம் பார்வையில் ஏறக்குறைய 30 டிகிரியை அடைத்துக்கொள்ளும் தூரம் இது. இதைவிடக் கிட்டே போனால் கண் அவிந்துவிடாது. ஆனால் மூலைக்கு மூலை தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்குக் கிறுகிறுப்பும் குமட்டலும் வரும், குறிப்பாக கார் ரேஸ் மாதிரி வேகமான விளையாட்டுகளில்.

தூரத்தை எங்கிருந்து அளப்பது? சுவருக்குச் சுவர் அளக்காதீர்கள். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் உங்கள் தலை பின்சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னால் வந்துவிடும். பத்தடி ஹாலில் நிஜமாகக் கிடைப்பது எட்டடி. அதற்கு 55-க்கு மேல் வேண்டாம். நாங்கள் 65-ஐ மாட்டினோம்!

இன்னொரு விஷயம். சாதாரண கேபிள் இணைப்பில் வருகிற படம் இந்தப் பெரிய 4கே திரைக்குப் போதாது. சின்ன ஜாக்கெட் துணியை இழுத்துப் பெரிய ஆளுக்குத் தைத்த மாதிரி, முகமெல்லாம் பிசிறடிக்கும். வீட்டில் முக்கால்வாசி நேரம் ஓடுவது சீரியலும் செய்தியும்தான் என்றால், கூடுதல் அங்குலத்துக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பிசிறைப் பெரிதாகப் பார்க்கத்தான்.

"கிட்டப் போய்ப் பார்க்காதே, கண்ணு கெட்டுடும்!" இதைச் சொல்லாத அம்மா உண்டா? இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1967-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியின் கலர் டி.வி.க்களில் அளவுக்கு மேல் எக்ஸ்-கதிர் கசிகிறது என்று கண்டுபிடித்துத் திரும்ப வாங்கினார்கள். குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள் என்ற எச்சரிக்கை அதற்குப் பிறகு உலகம் பூராவும் பரவியது. அது குழாய் டி.வி. காலம். இன்றைய தட்டை டி.வி.யில் அந்தக் குழாயே கிடையாது, எக்ஸ்-கதிரும் கிடையாது.

ஆனால் அந்த அம்மாக்கள் சொன்னதில் வேறு ஒரு பயன் இருந்தது. பிள்ளை டி.வி.க்குக் கிட்டக் கிட்டப் போகிறான் என்றால், கிட்டப் போவதால் பார்வை கெடவில்லை. பார்வை ஏற்கெனவே குறைந்ததால்தான் கிட்டப் போகிறான். அந்தக் கால 14, 20 அங்குலப் பெட்டி அதை உடனே காட்டிக் கொடுத்தது. 65 அங்குலத்தில்? எழுத்தெல்லாம் கட்டவுட் சைஸில் இருக்கிறது. தூரப்பார்வை மங்கிய பிள்ளைக்கும் சோபாவிலிருந்தே தெரிந்துவிடும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தைக்கு அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் மைனஸ் பவர்!

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் நம்ம மதுரை. உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ டாக்டர்கள் இங்கே படிக்க வருகிறார்கள். நாமோ பல்லாயிரம் ரூபாய்க்குத் திரை வாங்குகிறோம், அதைப் பார்க்கப் போகிற கண்ணை ஒரு தடவை பரிசோதிக்க அரை நாள் ஒதுக்க மாட்டோம். டி.வி. வாங்குகிற வாரத்திலேயே பிள்ளைகளையும் பெரியவர்களையும் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "படம் மங்கலா இருக்கு, பெரிய டி.வி. வாங்கு" என்று பாட்டி சொன்னால், மங்கலாக இருப்பது டி.வி.யா, பாட்டியின் கண்ணில் விழுந்த புரையா என்று முதலில் பாருங்கள்.

இப்போது ஒன்று சொன்னால் சில தாய்மார்களுக்குக் கோபம் வரும். பிள்ளை கேம் விளையாடத்தான் போகிறான் என்றால், கையிலிருக்கும் போனில் விளையாடுவதைவிட ஹாலில் பெரிய டி.வி.யில் விளையாடட்டும் என்பேன் நான்!

ஏன்? போன் முகத்திலிருந்து ஒரு அடி தூரம்கூட இல்லை. கண்ணின் உள்தசை இறுக்கத்திலேயே இருக்கிறது. நெருக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை அதிகமாவதும், வெளிச்சத்தில் வெளியே போகாததும்தான் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் கோளாறு கூடுவதோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. எட்டடி தள்ளியிருக்கிற திரைக்குக் கண் அவ்வளவு சிரமப்பட வேண்டாம். அதைவிட முக்கியம், ஹாலில் விளையாடுவதை எல்லாரும் பார்க்கிறோம். என்ன கேம், எவ்வளவு நேரம், யாரோடு பேசுகிறான் என்பது தெரிகிறது. போர்வைக்குள் போன் வைத்திருக்கிற பிள்ளையைப் பற்றி என்ன தெரியும் நமக்கு? அதனால்தான் படுக்கையறையில் இரண்டாவது டி.வி. மாட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சண்டையே நடந்தது. பழைய 32-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தது.

இதற்காக நாள் பூரா விடச் சொல்லவில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மணி விளையாடினால் ஒரு மணி வெளியே என்று நாங்கள் வைத்திருக்கிறோம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை தினம் இரண்டு மணி நேரம் வெட்ட வெளியில் இருக்க வைத்தார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைவு அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? மத்தியானத்தில் வேண்டாம், காலையிலும் நாலரை மணிக்கு மேலும் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை போதும்.

கேமை நிறுத்தவே முடியவில்லை, படிப்பும் சாப்பாடும் தூக்கமும் பாழாகியும் தொடர்கிறான், இது மாசக் கணக்கில் போகிறது என்றால் அதைப் பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வலிப்பு உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் பெரிய திரை விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை தேவை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய ஒரு காட்சி. அதைப் பார்த்த அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். எல்லா வலிப்புக்காரர்களுக்கும் இப்படி ஆவதில்லை. ஒரு சிறு பகுதியினருக்குத்தான் மின்னும் வெளிச்சம் ஆகாது. ஆனால் திரை பார்வையை எவ்வளவு அடைக்கிறதோ அவ்வளவு ஆபத்து கூடும். சின்ன திரை, தள்ளி உட்காருவது, அறையில் விளக்கு எரிவது, இவை மூன்றும் வேண்டும். டாக்டரைக் கேட்காமல் இந்தப் பிள்ளைகளுக்குக் கேம் வேண்டாம்.

கேமுக்கென்றே டி.வி. எடுப்பவர்கள் கடையில் ஒன்றைக் கேளுங்கள்: பேனல் உண்மையில் 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா? அட்டையில் 200, 240 என்று என்னென்னவோ போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். உங்கள் கேம் சாதனம் 120 கொடுக்கக்கூடியதாக இருந்தால் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள். கேம் மோடு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதற்கும் மட்டை வீசுவதற்கும் நடுவே ஒரு நொடியில் சிறு பங்கு தாமதம் வரும். பிள்ளை அவுட்டாகி அவுட்டாகி எரிச்சலில் இன்னும் அரை மணி விளையாடுவான். ஓ.எல்.இ.டி. திரையில் ஒரே ஸ்கோர் பலகையோ சேனல் முத்திரையோ மணிக்கணக்கில் நின்றால் நாளடைவில் தழும்பு மாதிரி பதிந்துவிடலாம். நாள் பூரா ஒரே நியூஸ் சேனல் ஓடுகிற வீட்டுக்கு அது சரிப்படாது.

கரண்டைப் பற்றிப் பயம் வேண்டாம். 120 வாட் இழுக்கிற டி.வி. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் நம்ம இரண்டு மாத பில்லில் 36 யூனிட். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும்தான் பில்லை ஏற்றுகிறவை.

என் மனைவியின் தலைவலிக்கு வருகிறேன். கடையில் பத்து டி.வி. பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பார்கள். அதே பளபளப்பு வீட்டுக்கும் வந்துவிடுகிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதைப் பார்த்தால், இருட்டறையில் கார் ஹெட்லைட்டைப் பார்க்கிற மாதிரி. 'விவிட்' என்பதை மாற்றி 'சினிமா' என்று வையுங்கள். டி.வி.க்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எங்கள் வீட்டில் இந்த இரண்டைச் செய்த வாரமே தைல டப்பா அலமாரிக்குப் போனது. நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லி விற்கிற கண்ணாடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். கண் கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. தூக்கம் கெடுவது நிஜம். படுப்பதற்கு ஒரு மணி முன்னால் நிறுத்திவிடுங்கள்.

என் கழுத்துவலிக்குக் காரணம் வேறு. டி.வி.யை ஷோகேஸுக்கு மேலே, சாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டியிருந்தார்கள். ஊர் பூராவும் இதே பழக்கம்தான்! அழகர் ஆற்றில் இறங்குவதையும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையும் காலையிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். அண்ணாந்து பார்க்கும்போது இமை அகலமாகத் திறக்கிறது, கண்ணீர் சீக்கிரம் காய்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைவு. மதுரை வெயில், ஃபேன் காற்று, முகத்துக்கு நேரே ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் கண் எரியாமல் என்ன செய்யும்?

நீங்கள் சோபாவில் உட்காரும்போது கண் இருக்கிற உயரம் தரையிலிருந்து மூன்றரை அடி சொச்சம். திரையின் நடு அங்கே வர வேண்டும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் ஸ்டாண்டில் சும்மா நிறுத்தாதீர்கள். பிடித்து இழுத்தால் பதினைந்து கிலோ பெட்டி தலையில்தான் விழும். சுவரில் திருகி மாட்டுங்கள், ஆனால் தாழ்வாக.

மாட்ட வருகிற பையன் அவசரத்தில்தான் இருப்பான். "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் மாட்டுறோம்" என்பான். டிரில்லை எடுக்கும் முன், வீட்டில் மூத்தவரை சோபாவில் உட்கார வைத்து, அவர் கண்ணுக்கு நேரே சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை அப்படித்தான் மாட்டினோம். பழைய நாலு ஓட்டைகளும் ஷோகேஸுக்கு மேலே இன்னும் அப்படியே இருக்கின்றன.