குட்டிக் கப்பலின் தலையில் கட்டிய பழி

இரண்டாம் உலகப்போர்க் கால ஜப்பானின் ‘கைபோகன்’ காவல் கப்பல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும்: இவர் அந்தக் கப்பல்களை ஆராய உட்கார்ந்தாரா, அல்லது அவற்றின் தலையில் பழியைக் கட்டி வேறு யாரையோ தப்பவைக்க உட்கார்ந்தாரா? அவருடைய வாதம் இவ்வளவுதான். 16, 17 நாட் வேகத்தில் ஊர்ந்த கப்பல்கள், நீர்மட்டத்தில் 20 நாட் ஓடிய அமெரிக்க நீர்மூழ்கிகளைப் பிடிக்க லாயக்கற்றவை. அவை அவசரத்தில் மட்டமாகக் கட்டப்பட்டவை. 170-க்கும் மேல் கட்டி 70-க்கும் மேல் பறிகொடுத்ததே அதற்கு அத்தாட்சி. ஆகவே ஜப்பானின் சரக்குக் கப்பல்கள் கடலுக்கடியில் போன பாவம் வடிவமைப்பாளர்களையே சேரும்.

வேகத்தைப் பழிக்கும் இதே பேனாதான், இரண்டு பத்தி தள்ளி, பிரிட்டனின் ஃப்ளவர் வகை கார்வெட்டுகளை அட்லாண்டிக்கின் காவல் தெய்வங்கள் என்று கொண்டாடுகிறது. ஃப்ளவரின் வேகம் என்ன? 16 நாட். திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து எடுத்த வடிவம், ஒற்றை ப்ரொப்பல்லர், பழைய பாணி நீராவி எஞ்சின். அது எதிர்கொண்ட ஜெர்மன் நீர்மூழ்கியோ நீர்மட்டத்தில் 17 நாட்டைத் தாண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதைத் தவிர இந்த நியாயத்துக்கு வேறு பெயர் உண்டா? காவல் கப்பலின் வேலை பந்தயம் ஓடுவதல்ல. நீர்மூழ்கியைத் தண்ணீருக்கடியில் அமுக்கி வைப்பது. அடியில் போன நீர்மூழ்கி பேட்டரியில் ஓடுவது; 9 நாட் வேகத்தைக்கூட அதனால் நீண்ட நேரம் தாங்க முடியாது.

இதற்கு நிரூபணம் வேண்டுமென்றால் ‘ஹார்டர்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் கதையை அவர் படித்திருக்கலாம். 1944 ஜூனில் நான்கே நாள் இடைவெளிக்குள் மினாசுகி, ஹயநாமி, தனிகாசே ஆகிய மூன்று ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களை மூழ்கடித்தது அது. மூன்றும் சும்மா அல்ல, 30 நாட்டுக்கு மேல் பறக்கக்கூடியவை. ஆகஸ்ட் 22 அன்று மணிலா விரிகுடாவுக்கு வெளியே மட்சுவா, ஹிபுரி என்ற இரண்டு கைபோகன்களையும் அது முடித்தது. இரண்டு நாள் கழித்து, லூசான் தீவின் தசோல் விரிகுடாவிலிருந்து வெளியே வந்த 22-ஆம் எண் கைபோகன் அதன் மேல் டெப்த் சார்ஜ் குண்டுகளைக் கொட்டியது. அருகிலிருந்த இன்னொரு அமெரிக்க நீர்மூழ்கியான ‘ஹேக்’, அடுத்தடுத்து வெடித்த பதினைந்து சத்தங்களைக் கேட்டது. தளபதி சாமுவேல் டீலியோடு ஹார்டரில் இருந்த 79 பேரில் ஒருவரும் மீளவில்லை. 22 இரட்டைப்படை எண். கைபோகன்களில் இரட்டைப்படை எண் பெற்றவை ‘டி’ வகை. அதாவது நம் கட்டுரையாளர் ஊர்வதாகச் சொன்ன 17.5 நாட் கப்பல்! வேகம்தான் விதியென்றால், பறந்தவை மூழ்கியதும் ஊர்ந்தது வென்றதும் எப்படி?

‘மட்டமான கட்டுமானம்’ என்ற குற்றச்சாட்டு அறியாமையின் உச்சம். கைபோகன் என்ற பெயரின் கீழ் வந்ததையெல்லாம் ஒரே கூடையில் போட்டுவிட்டார். முதல் வகையான ஷிமுஷு நீர்மூழ்கி வேட்டைக்காகப் பிறந்ததே இல்லை; குரில் தீவுகளை ஒட்டிய வடகடலில் ஜப்பானிய மீன்பிடிப்பைக் காக்க, பனிக்கடலைத் தாங்கும்படி வரைந்த கப்பல் அது. நேர்த்தியான வளைவுகள், மூன்று 12 செ.மீ. பீரங்கிகள், பெயருக்குக் கொஞ்சம் டெப்த் சார்ஜ். அந்த நேர்த்திதான் போர்க்காலத்தில் வினையானது. கட்டி முடிக்க ஆள்பலமும் நாளும் ஏராளமாய்த் தின்றது. 1943-ல் வரைந்த ‘சி’, ‘டி’ வகைகள் அந்த ஆடம்பரத்தை உதறின. வளைவுகளை நேர்கோடாக்கினார்கள், பகுதி பகுதியாகச் செய்து வெல்டிங்கில் இணைத்தார்கள், ஏறக்குறைய 740 டன் உடம்பில் 120 டெப்த் சார்ஜ்களை ஏற்றினார்கள். டீசல் எஞ்சின் போதாதபோது, போர்க்காலச் சரக்குக் கப்பல்களுக்குச் செய்த டர்பைனை எடுத்து ‘டி’ வகைக்குப் பொருத்தினார்கள். அதனால் 14 நாட் வேகத்தில் 6,500 கடல் மைல் என்ற பயணத்தொலைவு 4,500 ஆகக் குறைந்தது. இழப்புதான். தெரிந்தே கொடுத்த விலை. அமெரிக்கா இதே முறையில் லிபர்ட்டி கப்பல்களைக் கட்டினால் தொழில் மேதைமை, ஜப்பான் கட்டினால் தரித்திரமா?

அழிந்த எண்ணிக்கையைச் சொன்னவர், எதனால் அழிந்தன என்று ஏன் சொல்லவில்லை? 1945 ஜனவரி 12 அன்று இந்தோசீனக் கரையோரம் ஹி-86 கான்வாயின் பத்துச் சரக்குக் கப்பல்களும், 23, 51 எண் கைபோகன்களும் அழிந்தது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்களால். மேலே தம் பக்கம் காவல் விமானங்கள் இல்லாத கடலில், 740 டன் கப்பல் வானத்தையும் காத்திருக்க வேண்டுமா?

உண்மையான குறை ஒன்று இருந்தது. ஜப்பானியச் சோனாரும் ரேடாரும் பின்தங்கியவை; இரவில் நீர்மட்டத்தில் வந்து தாக்கிய நீர்மூழ்கியைப் பல கைபோகன்கள் பார்க்கவே இல்லை. பார்க்காததை 30 நாட் வேகத்தில் எங்கே போய்த் துரத்துவது? இதற்குக் கட்டுரையில் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரிக்கு மேல் போனால் கதை கப்பல் பட்டறையை விட்டு அட்மிரல்களின் அறைக்குள் நுழைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ‘யமாட்டோ’ என்ற ராட்சதப் போர்க்கப்பலின் பீரங்கிகளைப் பற்றி உருகி உருகி எழுதுபவர், ஒரே பெரும் மோதலில் போரை முடித்துவிடலாம் என்று நம்பி, எண்ணெயும் அரிசியும் சுமந்துவரும் கப்பல்களைக் காப்பதை இழிவான வேலையாக ஒதுக்கிய கடற்படையை எப்படிக் கேள்வி கேட்பார்? தீவு நாடான ஜப்பான் 1941 டிசம்பரில் போரில் இறங்கியபோது அதனிடம் இருந்த புதிய கைபோகன்கள் நான்கே நான்கு. கான்வாய்க் காவலுக்கென்று ஒரு தலைமையகம் அமைந்தது 1943 நவம்பரில். ‘சி’, ‘டி’ வகைகளின் முதல் கப்பல்கள் கடலுக்கு வந்தது 1944 பிப்ரவரி இறுதியில். இரண்டு வருடம் வீணடித்தது யார், வரைபடம் போட்டவரா?

அந்தத் தலைமையகத்தில் அதிகாரியாக இருந்த ஓயி அட்சுஷி, ஜப்பானின் நீர்மூழ்கி எதிர்ப்பு ஏன் தோற்றது என்று 1952-ல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் இதழிலேயே எழுதினார். 1945 ஏப்ரலில் யமாட்டோவின் திரும்பிவராத பயணத்துக்காகக் காவல் கப்பல்களின் எரிபொருளிலிருந்தே பங்கைப் பிடுங்கியபோது கொதித்துப்போனவர் அவர். கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, கைபோகனின் வேகத்தைக் கணக்கிடும் முன் அந்த எண்ணெய்க்குக் கணக்குச் சொல்லட்டும்.