வெயில் கொழிக்கும் மாவட்டத்தில் வலிக்கும் முதுகுகள்

என் தம்பி மகளுக்கு வயது 24. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் வேலை. ஓராண்டாக இடுப்பிலும் முதுகிலும் வலி. 'இந்த வயதில் என்ன வலி?' என்று வீட்டார் கேலி பேசினர். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைந்திருப்பது தெரியவந்தது. மாத்திரையுடன், 'வெயிலில் நில்லுங்கள்' என்ற அறிவுரையும் கிடைத்தது. அவள் என்னிடம் கேட்டாள்: "எந்த வெயில்ல நிக்கது, பெரியப்பா?"

அந்தக் கேள்வியில்தான் இச்சிக்கலின் வேர் இருக்கிறது.

சூரிய ஒளியின் புறஊதா பி கதிர்கள் தோலில் படும்போதே வைட்டமின் டி உருவாகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில், ஏறத்தாழ காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை, இக்கதிர்கள் வலுவாக இருக்கும். கண்ணாடிச் சன்னல் அவற்றைத் தடுத்துவிடும். கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. காலையில் இருள் பிரியுமுன் சமையல், பின்னர் பேருந்து, இரவு வரை குழல்விளக்கின் கீழ் வேலை என்றிருப்பவளுக்கு அந்த ஐந்து மணி நேரம் முதலாளியுடையது.

கன்னியாகுமரி வட அட்சரேகை 8 பாகையில் உள்ளது. ஆண்டு முழுதும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டனில் குளிர்கால வெயிலால் பயனில்லை என்பதால், அம்மாதங்களில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளுமாறு அரசே பரிந்துரைக்கிறது. இங்கோ வெயில் இருக்கிறது என்ற எண்ணமே நம்மை அசட்டையாக்கிவிட்டது.

வைட்டமின் டி குறைந்தால் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேராது. குறைபாடு முற்றினால் எலும்பு மென்மையாகும். இடுப்பும் தொடையும் வலிக்கும். தரையிலிருந்து எழுவதே கடினமாகும். எல்லா முதுகுவலிக்கும் இதுவே காரணமன்று. நாள் முழுதும் நிற்பதும், விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் 'அண்டி ஆபீஸ்'களில் பெண்கள் குனிந்தமர்ந்து முந்திரி உடைப்பதும் தனிக் காரணங்கள். ஆனால் நின்றாலும் அமர்ந்தாலும் இவர்கள் கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. அது முதுகுக்குக் கிடைத்த நீதி. எலும்புக்கும் அது கிடைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கால்சியத்துடன் வைட்டமின் டி வழங்க 2014-இன் தேசிய வழிகாட்டுதல் வகைசெய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் தாயாகும் வரை ஒரு பெண்ணின் எலும்பு அரசின் கண்ணில் படாதா?

நான் வேண்டுவன எளியவை. நண்பகல் இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே செல்லும் உரிமை பணி விதியாக வேண்டும். ஆலைகளிலும் பெரிய கடைகளிலும் நடத்தப்படும் மருத்துவ முகாம்களில் இரத்தசோகையுடன் எலும்பு வலியும் விசாரிக்கப்பட வேண்டும். பாலிலும் சமையல் எண்ணெயிலும் வைட்டமின் ஏ, டி சேர்ப்பதற்கான தரவிதிகள் 2018-இல் வந்துவிட்டன. அத்தகைய பொருள்கள் ஏழை வீடுகளை எட்ட வேண்டும். நம் கடற்கரையின் சாளையும் அயிலையும் வைட்டமின் டி நிறைந்த மீன்கள். அவற்றை மலிவு மீன் என்று ஒதுக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 60,000 அலகு மருந்தைத் தாமாகவே வாங்கித் தொடர்ந்து உண்பது இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

மாத்திரையால் என் தம்பி மகளின் வலி தணியக்கூடும். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு மாத்திரையில் விடையில்லை; அவளுடைய வேலை நேரத்தை வகுப்பவர்களே விடை சொல்ல வேண்டும்.