கரிசல் சீமையும் காரியத் தலைமையும்

விவசாயத்தில் நஷ்டம் நேர்ந்தால், மழையின்மேலும் விலையின்மேலும் பழி போடுவது குடியானவர்களிடையே பெருவழக்கு. மழை மனிதன் வசப்பட்டதன்று என்பது உண்மையே. ஆயினும், ஒரே மழையைப் பெறும் இரு கிராமங்களில் ஒன்று நிமிர்வதும் மற்றொன்று கடனில் ஆழ்வதும் கண்கூடு. இவ்வேற்றுமைக்குக் காரணம் பெரும்பாலும் நிலமன்று. முன்னின்று நடத்துவோர் எதை, எப்பொழுது, யாரைக் கலந்து தீர்மானிக்கின்றனர் என்பதேயாம்.

இதற்குத் தக்க உதாரணம் விருதுநகர் ஜில்லாவிலேயே உண்டு. சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. அவ்வூர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923-இல் தொழில் தொடங்கினர். அவர்கள் முதலைப் போடுமுன் தொழிலைக் கற்றனர் என்பது முதற்பாடம். எந்த வறண்ட காற்று பயிரைக் கருக்கியதோ, அதுவே குச்சியையும் மருந்தையும் விரைவில் உலர்த்தியது. குறையெனப்பட்டதே அனுகூலமாயிற்று என்பது இரண்டாம் பாடம். பெருமுதலுடன் இயந்திரம் நாட்டிய ஸ்வீடன் தேசத்துக் கம்பெனியோடு இயந்திரத்தால் போட்டியிடாமல், சிவகாசித் தொழில் ஊரில் கிடைத்த கைவேலையைக் கொண்டே வளர்ந்தது என்பது மூன்றாம் பாடம். தீப்பெட்டிக்கு லேபில் வேண்டியிருந்தது. அத்தேவையினின்று அச்சுத்தொழிலும் தழைத்தது.

இதற்கும் முற்பட்டது மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் சரக்கின் அளவுக்கேற்பச் சிறு தொகையைப் பொதுநிதியில் சேர்த்துப் பேட்டைகளையும் பள்ளிக்கூடங்களையும் நடத்தினர். தனியொருவனுக்குச் சுமையாகாத தொகை, ஊருக்குப் பெருநிதியாயிற்று. கணக்கைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னாலன்றி இத்தகைய நிதி நிலைக்காது.

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. தொழில் பெருகிய வேகத்தில் சிறு பிள்ளைகளும் மருந்தறைக்குள் புகுந்தனர். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கிலேதான், குழந்தைத் தொழிலாளரை மீட்டுப் பள்ளியிற் சேர்க்கவேண்டும் என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018-இல் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகள் தடுக்கப்பட்டபோது, தீபாவளி என்னும் ஒரே பருவத்தை நம்பியிருந்த ஆலைகள் சில மாதம் மூடிக்கிடந்தன. வேலையாள் அபாயத்தைக் கண்டு சொல்லும்போது செவிசாய்க்காத தலைமையும், ஒரே சரக்கையும் ஒரே பருவத்தையும் நம்பிய தலைமையும் எவ்வளவு திறமையுடையதாயினும் குறைபாடுடையதே.

இவற்றைக் குடியானவர்கள் தம் நிலத்துக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அண்டைக்காரன் மக்காச்சோளம் விதைத்தான் என்பதற்காக ஊர் முழுதும் அதையே விதைப்பது தீர்மானமன்று, கண்மூடிப் பின்தொடர்தலேயாம். விதைக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்க: செலவு எவ்வளவு? வாங்குவோர் யார்? மழை தவறினால் கைக்கு மிஞ்சுவது யாது? மூன்றாவதற்கு விடையில்லையேல், நிலத்தில் ஒரு பகுதியையேனும் கம்பு, குதிரைவாலி, பயறு வகைகளுக்கு ஒதுக்குக.

விற்பனையில் மகமையின் புத்தியே வழிகாட்டும். களத்திலேயே தரகரிடம் தனித்தனியாக விற்பவன் விலையைக் கேட்பவனேயன்றிச் சொல்பவன் ஆகான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வழிபிறந்த உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் சேர்ந்து விற்பதற்கென்றே இருக்கின்றன. "கூட்டு முயற்சியில் சிலர் ஏமாற்றுவார்களே" என்று சொல்வது நியாயமான அச்சமே. ஆனால் அதற்கு மருந்து விலகி நிற்பதன்று. மாதந்தோறும் வரவு செலவை உறுப்பினர் முன் வாசிப்பதும், எடைச்சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதுமேயாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் பங்குண்டு. மானியமோ, பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியோ சாவடிச் சுவரில் ஒட்டிவிட்டதால் மட்டும் கடமை தீராது. படிக்கத் தெரியாத குத்தகைக்காரனும் கூலியாளும் அறியும்படி வாயாற் சொல்லவும் வேண்டும். சேதி எட்டாத இடத்தில் நல்ல திட்டமும் பாழே.

பெரிய பண்ணையை உடையவன் தலைவன் ஆகிவிடான். கற்றபின் துணிந்து, துணிந்ததைப் பலர்க்கும் விளக்கி, தவறு கண்டவிடத்துத் திருத்திக்கொள்பவனே தலைவன். அத்தகையோர் ஊருக்கு நால்வர் தோன்றினும் கரிசல் சீமை மழையை மட்டும் நம்பி வாழவேண்டியதில்லை.