கொலராடோ பாறையின் கணக்கு: லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களின் அடியில் சவுதி அரேபியாவை விஞ்சும் எண்ணெய் உறங்குகிறது என்று பல பத்தாண்டுகளாகப் பறைசாற்றப்படுகிறது. சந்தையைச் சுதந்திரமாக விட்டால் அது தானே வெளிவரும் என்கின்றனர் மூலதனத்தின் வக்கீல்கள்.

உண்மையில் அந்தப் பாறையில் இருப்பது எண்ணெய் அல்ல. கெரோஜன் எனும் திடப்பொருள். பாறையைத் தோண்டி, நொறுக்கி, உலையிலிட்டு ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் எண்ணெய் கிட்டும். தரமான பாறையிலும் ஒரு டன்னுக்கு ஒரு பீப்பாய் தேறுவது அரிது. எரிபொருள், எந்திரம், நீர் அனைத்தையும் இதற்கெனக் கொட்ட வேண்டும். எண்ணெய் விலை ஏறினால் இந்தச் செலவுகளும் ஏறுகின்றன. எனவே லாபம் தொடுவானம்போல் விலகிக்கொண்டே செல்கிறது.

1980இல் எக்ஸான் நிறுவனம் கொலராடோவின் 'காலனி' திட்டத்தில் பெரும்பங்கை வாங்கியது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் செயற்கை எரிபொருள் கழகத்தை அமைத்தது. சந்தையின் புகழ்பாடிய நிறுவனங்கள் கடன் உத்தரவாதமும் விலை உத்தரவாதமும் கேட்டு அரசுக் கஜானாவின் வாசலில் நின்றன, பெற்றன. எண்ணெய் விலை சரிந்தது. 1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை, திட்டம் மூடப்படுவதாக எக்ஸான் அறிவித்தது. 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்களை நம்பி வீடு கட்டியவர்களும் கடை திறந்தவர்களும் கடனில் மூழ்கினர். அந்த வட்டாரம் அதனை இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்றே நினைவுகூர்கிறது. எக்ஸானோ மூழ்கவில்லை. அரசின் விலை உத்தரவாதத்தில் இயங்கிய யூனியன் ஆயில் ஆலையும் 1991இல் மூடப்பட்டது.

விலை போதவில்லை என்பார்கள். 2008இல் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோதும் அங்கு வணிக உற்பத்தி தொடங்கவில்லை. நிலத்தடியிலேயே பாறையைச் சூடேற்றிப் பார்த்த ஷெல் நிறுவனமும் 2013இல் கொலராடோவை விட்டு வெளியேறியது. எஸ்டோனியாவைக் காட்டுவோரும் உண்டு. அங்கே பாறையின் பெரும்பகுதி நேரடியாக அனல்மின் நிலையங்களில் எரிக்கப்பட்டது. அவற்றை எழுப்பியது சோவியத் காலத் திட்டமிடல், தனியார் சந்தை அல்ல.

அஸ்ஸாம், அருணாச்சலப் பிரதேசப் பகுதிகளிலும் எண்ணெய்ப் பாறை உண்டு. நாளை 'எரிசக்தித் தன்னிறைவு' என்ற முழக்கத்துடன் அதற்குச் சலுகை கோரி எவரேனும் வந்தால், தோழர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: திட்டம் தோற்கும் நாளில் கணக்கை யார் தீர்ப்பது? கொலராடோவில் தீர்த்தவர்கள் தொழிலாளர்களும் மக்கள் வரிப்பணமுமே.