ஏழாம் பிரிவு

1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் மிகச் சிறியது. ராகிங் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவருக்கு வேறெந்தக் கல்லூரியிலும் இடம் கிடையாது. முதலாண்டு மாணவர் வரவேற்பு விழாவில் இவ்வளவையும் ஒலிபெருக்கியில் படிக்கிறார்கள். ஏழாம் பிரிவை யாரும் படிப்பதில்லை. புகார் வந்தும் உரிய நடவடிக்கை எடுக்கத் தவறிய கல்லூரித் தலைவரை ராகிங்குக்கு உடந்தையானவராகவே கருத வேண்டும், குற்றம் செய்த மாணவருக்கு உண்டான தண்டனையே அவருக்கும் என்கிறது அந்தப் பிரிவு. கல்லூரி முதல்வரும் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம் என்று ஒரு சட்டமன்றம் எழுதிவைத்திருக்கிறது என்பதையே நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அந்தச் சட்டத்துக்கு விலை கொடுத்தவர் நாவரசு. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். 1996 நவம்பர் 6 அன்று விடுதியில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். கொலை நடந்த விதத்தை நாளிதழ்கள் வாரக்கணக்கில் எழுதித் தீர்த்துவிட்டன. இங்கே அது வேண்டாம். சில வாரங்களில் அவசரச் சட்டம் வந்தது, மறு ஆண்டு அது சட்டமாயிற்று. வழக்கு மட்டும் அந்த வேகத்தில் நகரவில்லை. 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. நாவரசோடு படித்தவர்கள் அதற்குள் மருத்துவர்களாகிப் பல ஆண்டுகள் கடந்திருக்கும்.

ஒரு துணைவேந்தரின் மகனுக்கே விடுதியில் பாதுகாப்பில்லை என்றபோதுதான் அரசு அசைந்தது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கசப்பான பேச்சு, ஆனால் அதில் நியாயம் இருந்தது. மூத்தவர்கள் இளையவர்களை வதைப்பது எந்தக் காப்பாளருக்கும் தெரியாத செய்தியாக இருக்கவில்லை. பழகிக்கொள்வதற்கான விளையாட்டு என்று பேராசிரியர்களே சிரித்துக் கடந்த காலம் அது. இத்தனைக்கும் நம் கல்லூரிகள் விதி இல்லாத இடங்களாக ஒருநாளும் இருந்ததில்லை. வருகைப் பதிவு, உடை, முடி வெட்டு, விடுதிக்குத் திரும்பும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. அவை எதற்காகப் பிறந்தன என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால்தான் இந்த முரண் பிடிபடும்.

1905 அக்டோபரில், வங்கப் பிரிவினை எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, கார்லைல் என்ற அதிகாரியின் பெயரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சுதேசிக் கூட்டங்களுக்குப் போவதிலிருந்து மாணவர்களைத் தடுக்காத பள்ளி கல்லூரிகளின் மானியமும் உதவித்தொகையும் பறிக்கப்படும் என்பது அதன் சாரம். சென்னை மாகாணத்துக்கும் அந்தக் காற்று வந்து சேர்ந்தது. 1907இல் ராஜமுந்திரியில், ‘வந்தே மாதரம்’ சின்னம் அணிந்ததை ஒட்டி மாணவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. ஆசிரியர் பயிற்சியில் இருந்த காடிச்சர்ல ஹரிசர்வோத்தம ராவ் வெளியேற்றப்பட்டார். 1916இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட விவகாரத்தில் சுபாஷ் சந்திர போஸ் நீக்கப்பட்டார். மாணவரின் நடத்தை என்றால் ஆட்சிக்கு அவர் அடங்கி இருக்கிறாரா என்பதே அன்றைய அளவுகோல். மாணவர் உயிரோடும் மானத்தோடும் இருக்கிறாரா என்று அந்த விதிகள் கேட்கவில்லை.

ஆட்சி மாறிய பின்னும் அளவுகோல் மாறவில்லை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அரசு கல்லூரிகளை மூடியது. கல்லூரியை மூடு, விடுதியைக் காலிசெய், மாணவரை ஊருக்கு அனுப்பு என்ற அந்த நடைமுறைக்கு இன்றுவரை ஓய்வில்லை. மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை: நன்று’ என்று ஒரு வரி வருமே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். விடுதியில் இளையவரை அடித்தவருக்கும் அடிபட்டு வாய் திறக்காதவருக்கும் ஒரே ‘நன்று’ கிடைத்திருக்கிறது. வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவருக்குத்தான் அந்த வரி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம்.

2008 நவம்பர் 12 இந்த வரலாற்றில் தனியாக நிற்கும் நாள். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சிட்டதில் தொடங்கிய பகை, இரு சாதிகளைச் சேர்ந்த மாணவர்களின் மோதலாக வெடித்தது. கீழே விழுந்து கிடந்தவரைச் சுற்றி நின்று தடியால் அடித்ததைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அந்தக் காட்சியிலேயே வாசலில் போலீஸ் நின்றிருந்தது. முதல்வர் அழைக்காமல் உள்ளே வர முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். போலீஸ் வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்ற மரபு மாணவர்கள் தடியடி வாங்கிப் பெற்ற காப்பு. மாணவரைக் காக்க உண்டான மரபு, மாணவர் அடிபடுவதை வேடிக்கை பார்ப்பதற்குச் சாக்காகிப்போனது. முதல்வர் இடைநீக்கம் ஆனார், காவல் துறையிலும் நடவடிக்கை இருந்தது, நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஆணையம் சொன்ன பரிகாரங்களில் ஒன்று கல்லூரியையே நகரத்துக்கு வெளியே கொண்டுபோவது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆனாலும் 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்குமாகக் கல்லூரி இடம்பெயர்ந்தது. சாதிப் பகை பாரிமுனைக் கட்டடத்தில் குடியிருந்ததுபோலவும், கட்டடத்தைப் பூட்டினால் அது வெளியே வராது என்பதுபோலவும் ஒரு தீர்வு.

பெண்கள் விடுதிகளுக்கு வந்தால் பாதுகாப்பு என்பது பூட்டின் மறுபெயராகிவிடுகிறது. ஆண்கள் விடுதியில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் கதவு, பெண்கள் விடுதியில் அந்தி சாய்வதற்குள் அடைபடும். கேரளத்தில் கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் பத்து வரை கைப்பேசிக்குத் தடை போட்டார்கள். கீழ்ப்படியாத மாணவியை வெளியேற்றினார்கள். 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. ஒழுங்கைக் காப்பதாகச் சொல்லும் விதி, அந்த ஒழுங்குக்கும் தனக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கேட்ட அபூர்வமான தருணம் அது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது பழைய கேள்விதான் முதலில் எழுந்தது: அந்த நேரத்தில் அங்கே அவருக்கு என்ன வேலை? அவர் துணிந்து புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை அவருடைய அடையாளத்தோடு வெளியே கசிந்தது. அது எழுதப்பட்ட விதத்தையே உயர் நீதிமன்றம் கண்டித்து, பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. நாவரசு வழக்கோடு ஒப்பிட்டால் மின்னல் வேகம், பாராட்ட வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு மனிதனைப் பற்றியது. வெளியாள் ஒருவன் வளாகத்துக்குள் நடமாடியதற்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அமெரிக்காவில் இதே துயரம் வேறு திசையில் போனது. 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளை யாரோ திறந்தே வைத்திருந்தார்கள். அந்த வளாகத்தில் முன்பு நடந்த குற்றங்கள் பற்றி யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்பதுதான் பெற்றோர் கோனி, ஹோவர்டு கிளெரியின் ஆற்றாமை. அவர்கள் விடாமல் போராடியதில் 1990இல் மத்தியச் சட்டமே வந்தது. அரசு நிதி பெறும் கல்லூரிகள் வளாகக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வெளியிட வேண்டும்; மறைத்தால் அபராதம். 2024இல் லிபர்ட்டி பல்கலைக்கழகம் 1.4 கோடி டாலர் கட்டியது. கணக்கைக் குறைத்துக் காட்டும் தந்திரமும் அங்கே உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தச் சட்டம் கண் வைத்தது நிர்வாகத்தின் மேல்.

இமாசலத்தில் 2009 மார்ச்சில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்த பிறகு நமக்கும் நாடு தழுவிய விதிகள் வந்தன, முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ராகவன் குழு 2007இலேயே பரிந்துரைத்தவை அவற்றுக்கு அடிப்படை. உதவி எண் வந்தது. மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்றும் வந்தது. உறுதிமொழி தருவது எப்போதும் மாணவர் தரப்புதான். நான் என் கடமையைச் செய்வேன் என்று முதல்வர் பெற்றோருக்குக் கையெழுத்திட்டுத் தரும் பத்திரம் எதுவும் இல்லை.

ஏழாம் பிரிவிலும் குறை உண்டு. புகார் கையில் வந்த பிறகுதான் அது உயிர்பெறும். ஆகவே புகாரே வராமல் பார்த்துக்கொள்ளும் நிர்வாகத்துக்கு அது ஆபத்தில்லாத பிரிவு. ராகிங் புகார்கள், பாலியல் துன்புறுத்தல் பற்றிய உள்புகார் குழுவின் ஆண்டறிக்கை எல்லாம் ஏற்கெனவே கோப்புகளாக மேலிடத்துக்குப் போகின்றன. எத்தனை புகார் வந்தன, எத்தனை நாளில் முடிந்தன, என்ன முடிவு என்ற மூன்று எண்களை, பெயர் எதுவும் இல்லாமல், சேர்க்கைக் கையேட்டில் வேலைவாய்ப்பு விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று அரசு ஓர் ஆணை போடலாம். அப்படி வந்தால் ஆண்டுக்கு ஆண்டு பூஜ்யம் என்று அச்சிடும் பெரிய கல்லூரிகளிடமிருந்தே ஆய்வைத் தொடங்கலாம்.