டாவின்சி ரிசால்வ் 20: எடிட்டிங்கில் ஏஐ வந்தாச்சு... உடனே அப்டேட் பண்ணலாமா?

யூடியூபர்கள் முதல் சினிமா எடிட்டர்கள் வரை பயன்படுத்தும் மென்பொருள் டாவின்சி ரிசால்வ். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் இதன் 20-வது பதிப்பை 2025 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியது. 100-க்கும் மேற்பட்ட புது அம்சங்கள் இருப்பதாகச் சொல்கிறது. இதில் நமக்கு எது பயன்படும்? எதற்குக் காசு கொடுக்கணும்?

என்ன புதுசு?

* ஏஐ இன்டெலிஸ்கிரிப்ட்: ஸ்கிரிப்டைக் கொடுத்தால், அதிலுள்ள வசனங்களோடு காட்சிகளை ஒப்பிட்டு முதல் கட்ட எடிட்டை அதுவே அடுக்கித் தரும்.
* அனிமேட்டட் சப்டைட்டில்: பேசப் பேச வார்த்தைகள் அசைந்து வரும். ரீல்ஸ் போடுபவர்களுக்கு வசதி.
* மல்டிகேம் ஸ்மார்ட்ஸ்விட்ச்: யார் பேசுகிறார் என்று கண்டுபிடித்து அவரைக் காட்டும் கேமராவுக்கு மாறும்.
* ஆடியோ அசிஸ்டன்ட்: பேச்சு, இசை, பின்னணி ஒலி மூன்றின் அளவையும் சரிசெய்து மிக்ஸ் செய்யும்.

எல்லாம் இலவசமா?

இல்லை. ரிசால்வ் இலவசமாகக் கிடைத்தாலும், மேலே சொன்ன நான்குக்கும் கட்டணப் பதிப்பான 'ஸ்டுடியோ' வேண்டும். விலை 295 டாலர், அதாவது சுமார் 25 ஆயிரம் ரூபாய். மாதச் சந்தா கிடையாது, ஒருமுறை கட்டினால் போதும்.

தமிழ் வீடியோவுக்கு உதவுமா?

இங்கேதான் கவனம் தேவை. இன்டெலிஸ்கிரிப்டும் சப்டைட்டிலும் இயங்க, பேச்சு முதலில் எழுத்தாக மாற வேண்டும். அது குறிப்பிட்ட சில மொழிகளில் மட்டுமே நடக்கும். அதனால் பணம் கட்டும் முன்பு, அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்டேட் பண்ணினால் சிக்கல் வருமா?

வரலாம். 20-வது பதிப்புக்கு மாற்றிய புராஜெக்டை பழைய 19-ல் திறக்க முடியாது. உங்களோடு வேலை செய்பவர் பழைய பதிப்பில் இருந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். கையில் இருக்கும் வேலையை முடித்து, புராஜெக்ட் லைப்ரரியை பேக்கப் எடுத்த பிறகு மாறுவதே நல்லது.

எடிட்டர் வேலை போயிடுமா?

ஒரே வசனத்துக்கு நான்கு டேக் இருந்தால், இன்டெலிஸ்கிரிப்ட் மற்றவற்றைத் தனி டிராக்கில் வைத்துவிடும். எது சிறந்தது என்று பார்த்து முடிவெடுப்பது எடிட்டர்தான். பேட்டியில் பேசுபவரைவிட, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் சில நேரம் அதிகம் சொல்லும். பேச்சை மட்டும் வைத்து கேமராவை மாற்றும் கருவிக்கு அது பிடிபடாது.

உண்மையான கவலை உதவி எடிட்டர்களைப் பற்றியது. காட்சிகளைப் பார்த்துப் பார்த்து அடுக்கும் வேலையில்தான் அவர்கள் தொழில் கற்கிறார்கள். அந்தப் படியை மெஷின் எடுத்துக்கொண்டால், அடுத்த தலைமுறை எங்கே பழகும்? இதற்கு எந்த அப்டேட்டிலும் பதில் இல்லை.